எந்த மசாஜ் யாருக்கு ஏற்றது?

மசாஜ் நிலையத்தின் விலைப்பட்டியலைப் பார்த்துக் குழம்புவோர், தமக்கு வேண்டியது வெறும் ஓய்வா, தசைப்பிடிப்புக்கு நிவாரணமா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும். முதன்முறையாகச் செல்பவர்களுக்கு, எண்ணெய் தடவி மிதமான அழுத்தத்தில் நீவியும் பிசைந்தும் செய்யப்படும் ஸ்வீடிஷ் மசாஜே பொருத்தமானது. தசையின் ஆழமான அடுக்குகள்வரை அழுத்திச் செய்யப்படும் டீப் டிஷ்யூ முறை, நாட்பட்ட தசை இறுக்கத்திற்கு உரியது. வலித்தால்தான் பலன் என்ற நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கத் தேவையில்லை, அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம்.

2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற தாய்லாந்து மசாஜ் முற்றிலும் வேறானது. பொதுவாக எண்ணெய் இல்லாமல், தளர்வான உடையுடன் தரைமெத்தையில் படுக்கவைத்து, விரல், முழங்கை, முழங்கால், பாதம் ஆகியவற்றால் அழுத்தி, கைகால்களை வளைத்து நீட்டுவார்கள் என்பதால், நெடுநேரம் உட்கார்ந்தே வேலை செய்து உடல் இறுகிப்போனவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே மட்டும் செல்ல வேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர், எலும்புத் தேய்மானம் உள்ளோர், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே எந்த மசாஜுக்கும் செல்ல வேண்டும். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் தோன்றினால், அது இரத்தக்குழாயில் ஏற்பட்ட இரத்த உறைவாக இருக்கக்கூடும் என்பதால், அந்தக் காலைத் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.