சிரங்குக்கு ஒரு வேளை மாத்திரை போதாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் டிரெசராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிரங்குக்கு மருந்து கொடுப்பதில் நான் செய்த அதே தவறுகளைச் செய்யும்போது மனசு கேட்பதில்லை. நகம் வெட்டு, துணி துவை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

மாத்திரை போட்டாச்சு, வேலை முடிந்தது

இதை நினைத்தால் இன்னமும் ஆத்திரம் வருகிறது. பால்மரம் வெட்டும் அம்மா ஒருவரின் குடும்பத்துக்கு டாக்டர் சிரங்குக்கு ஐவர்மெக்டின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். உடல் எடை கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். இரண்டாவது வேளையை நினைவுபடுத்த வேண்டியவன் நான். மறந்துவிட்டேன். கடைக்குட்டி 15 கிலோகூட இல்லை, அதற்கு மாத்திரை கிடையாது. சரி, களிம்பாவது கொடுத்தேனா? அதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் அந்த அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். விரல் இடுக்கில் நெளிந்த மெல்லிய கோடுகள், சிரங்குப் பூச்சி தோலுக்குள் குடைந்த தடம். "ஐயா, மருந்து சரியில்லைங்க" என்றார். மருந்து சரிதான். மாத்திரை பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை 3, 4 நாளில் பொரித்துவிடும். அதனால்தான் 7 முதல் 14 நாளுக்குள் இரண்டாவது வேளை. அப்புறம், சின்னப் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் அதே நாளில் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு தடவ வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் குதிரைக் காலண்டரில் அந்த இரண்டாவது தேதியை நானே சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு வருவேன்.

இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுப்பது

சாதாரணச் சிரங்குக்கு முறையாகத் தடவிய களிம்பு இரண்டு தடவை, அல்லது மாத்திரை இரண்டு வேளை, ஏதாவது ஒன்று போதும். தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தால் கதையே வேறு. அதற்கு மாத்திரையும் களிம்பும் சேர்த்து, பல நாட்கள் பிரித்துக் கொடுக்க வேண்டும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

களிம்போடு கை கழுவுவது

பெரியவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க, சின்னப் பிள்ளைக்குத் தலை, கழுத்திலும் சேர்த்துத் தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட வேண்டும். விடியற்காலைப் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரம்) முன் தோசை சுடக் கை கழுவினால், விரல் இடுக்கில் மறுபடி தடவுங்கள்.

அரிப்பவருக்கு மட்டும் மருந்து

வேண்டாம், அரிக்காதவர் உட்பட வீட்டில் எல்லாருக்கும் கொடுங்கள். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும்.

அரிப்பு நிற்கவில்லையே

மருந்துக்குப் பிறகும் அரிப்பு 2 முதல் 4 வாரம் இருக்கும். அதற்காகத் தினமும் களிம்பு தடவித் தோலைப் புண்ணாக்காதீர்கள்.