குண்டு மாட்டும் முன் ஒரு கேள்வி: இந்த விமானம் எங்கே போகிறது?

பகலில் எனக்கு வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு பல் லேபில் வேலை. மெழுகில் பல் செதுக்கி, வார்த்து, மெருகு போட்டுக் கொடுப்பேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சத்துவாச்சாரி வீட்டில் போர் விமான மாடல்கள். இறக்கை ஒட்டுவது, பெயிண்ட் அடிப்பது பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இறக்கைக்கு அடியில் எதைத் தொங்கவிடுவது என்பதைத்தான் எனக்குச் சரியாகச் சொல்லித்தர ஆள் இல்லாமல் இருந்தது. அதைச் சொல்லித் தந்தவர் என் பெரியப்பா. கம்மவான்பேட்டைக்காரர். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. விமானப்படையில் ஆயுதம் ஏற்றும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

நான் கட்டிய முதல் ஜாகுவார் போர் விமானத்தை அவரிடம் காட்டினேன். 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பெட்டியில் இருந்ததை எல்லாம் மாட்டியிருந்தேன்: நடு வயிற்றில் ஒரு எரிபொருள் டேங்க், உள் பைலன்களில் (விமானத்துக்கு அடியில் ஆயுதமோ டேங்கோ மாட்டும் கட்டைகள்) இரண்டு டேங்க், வெளிப் பைலன்களில் ராக்கெட் பெட்டிகள். கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாடா இது, மூணு டேங்க்கு மாட்டிக்கினு ரொம்ப தூரம் போவுது. அவ்ளோ தூரம் போயி இந்த ரெண்டு ராக்கெட் பொட்டிய வச்சிக்கினு இன்னா செய்யப் போவுது?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பெட்டியைத் திறந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எந்த விமானமும் ஒரு நாளைக்கு, ஒரு வேலைக்காகத்தான் கிளம்புகிறது. அந்த வேலை என்ன என்று முடிவு செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பெட்டிக்குள் ஆயுதப் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் ஒரு கடை மாதிரி. கடையில் இருப்பதை எல்லாம் யாரும் வாங்கிக்கொண்டு வருவதில்லை.

முதலில் நாளைப் பிடியுங்கள். நாள் தெரிந்தால் எந்த ஆயுதம் அப்போது இருந்தது என்று தெரிந்துவிடும். நம் மிராஜ் 2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் வந்தபோது அதன் ஏவுகணைகள் மேஜிக் 2, சூப்பர் 530டி. மைக்கா ஏவுகணை மேம்படுத்தப்பட்ட மிராஜோடு, 2015-க்குப் பிறகு வந்தது. அதனால் 1999 கார்கில் போர் மிராஜ் கட்டுகிறவர் மைக்காவை மாட்டினால் பதினைந்து வருடத்துக்கு மேல் தப்பு. மிக்-21 கதையும் அப்படித்தான். எண்பதுகளின் மிக்-21 பிஸ் என்றால் ஆர்-60 ஏவுகணை. ஆர்-73, ஆர்-77 இரண்டும் அது பைசன் என்று மேம்படுத்தப்பட்ட பிறகு வந்தவை. 1/72-இல் ஆர்-60 சுமார் 29 மி.மீ. நீளம், ஆர்-73 சுமார் 40 மி.மீ. ஸ்கேலை வைத்து அளந்தாலே பெட்டியில் எது இருக்கிறது என்று தெரிந்துவிடும். சட்டத்தில் அச்சடித்த எண்ணை விட நான் ஸ்கேலைத்தான் நம்புவேன்.

அடுத்தது இடம். விமானத்துக்கு எத்தனை பைலன், எதில் எது போகும் என்பது. மிக்-21 எஃப்எல்-க்கு இறக்கைக்கு அடியில் இரண்டே பைலன்தான். பின்னால் வந்த எம், எம்எஃப், பிஸ் வகைகளுக்கு நான்கு. எஃப்எல்-க்கு உடம்புக்குள் துப்பாக்கியும் கிடையாது. துப்பாக்கி வேண்டுமென்றால் ஜிபி-9 என்ற பெட்டியை நடு வயிற்றில் மாட்ட வேண்டும். அதை மாட்டிவிட்டால் நடு டேங்குக்கு இடம் இல்லை. 1971 போரில் விமானிக்கு இருந்த கஷ்டம் இந்த ஒரு பைலனில் தெரிகிறது: சுட வேண்டுமா, தூரம் போக வேண்டுமா? இரண்டையும் ஒன்றாகத் தொங்கவிட்ட மாடலில் அந்தக் கஷ்டமே காணாமல் போய்விடுகிறது.

ஜாகுவாரில் இன்னொரு விசேஷம் இறக்கைக்கு மேலே. நம் ஜாகுவார்களில் மேஜிக் ஏவுகணை இறக்கையின் முதுகில் உட்காரும். 1991 வளைகுடாப் போரில் பிரிட்டன் ஜாகுவார்களும் சைட்வைண்டர் ஏவுகணையை மேலேதான் வைத்தன. பிரான்ஸ் ஜாகுவாரோ மேஜிக்கை இறக்கைக்கு அடியில் வெளிப் பைலனில் சுமந்தது. ஒரே விமானம், நாடு மாறினால் ஏவுகணையின் இடம் மாறுகிறது. பெட்டியில் மூன்று நாட்டு டெக்காலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) இருக்கிறதே என்று கலந்து மாட்டிவிடாதீர்கள்.

சுகோய்-30 எம்கேஐ கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு வெளியே தொங்கும் டிராப் டேங்க் வேண்டாம். எரிபொருள் எல்லாம் உடம்புக்குள்ளேயே. பிரம்மோஸ் ஏவுகணை மாட்டுவதென்றால் நடு வயிற்றில் ஒன்றே ஒன்று. இரண்டரை டன் எடை அது. 2017 நவம்பரில்தான் முதல்முதலாக இந்த விமானத்திலிருந்து ஏவினார்கள். 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் அமைந்த 222-ஆம் படைப்பிரிவு பிரம்மோஸுக்கென்றே பேசப்படுவது. நம் ஊர்ப் படைப்பிரிவாயிற்றே என்று ஆசையாகக் கட்டுகிறோம்; இறக்கைக்கு அடியிலும் இரண்டு பிரம்மோஸைச் சேர்த்தால் அது தஞ்சாவூர் விமானமாக இருக்காது.

எடை என்றால் எனக்கு அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 ஞாபகம் வரும். ஆறு ஃபீனிக்ஸ் ஏவுகணைகளோடு நிற்கும் எஃப்-14 மாடலைப் பார்க்காத கண்காட்சி இல்லை. ஆறு சுமக்க முடியும் என்பது உண்மை. ஒவ்வொன்றும் 450 கிலோ பக்கம். ஆனால் ஆறையும் சுமந்துகொண்டு கப்பலில் திரும்ப இறங்குவது பெரும்பாடு. அதனால் சாதாரண நாளில் ஃபீனிக்ஸ், ஸ்பாரோ, சைட்வைண்டர் மூன்றையும் இரண்டிரண்டாகக் கலந்து ஏற்றினார்கள். கப்பல் தளத்துக் காட்சி வைக்கிறவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பயம் வேண்டாம். ஏ-10 விமானத்தின் ஒரு இறக்கை ஓரத்தில் இரட்டை சைட்வைண்டர், எதிர் ஓரத்தில் மின்னணுப் பெட்டி. எஃப்-16-இல் மூன்று குண்டு மாட்டும் தாங்கியில் டேங்க் பக்கம் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு, இரண்டு மட்டும் சாய்வாகத் தொங்கும். அந்தக் காலி இடம் தப்பில்லை, அதுதான் சரி. படத்தில் அப்படி இருந்தால் நீங்களும் காலியாகவே விடுங்கள்.

இப்போது நான் அதிகம் மினக்கெடும் இடத்துக்கு வருகிறேன்: தொங்கும் விதம். குண்டுக்கு முதுகில் இரண்டு கொக்கி வளையங்கள் உண்டு. மேற்கத்திய குண்டுகளில் 1000 பவுண்டு வகை வரை அவற்றின் இடைவெளி 14 அங்குலம், 2000 பவுண்டு மார்க் 84 போன்றவற்றுக்கு 30 அங்குலம். 1/72-இல் இது 5 மி.மீ., 10.6 மி.மீ.; 1/48-இல் 7.4, 15.9. பல் லேபில் தேய்ந்து ஒதுக்கிய மெல்லிய பர்ரால் (பல் குடையும் முனை) இந்த இடைவெளியில் குண்டிலும் பைலனிலும் துளை போட்டு, செம்புக் கம்பித் துண்டுகளைச் செருகுகிறேன். ஒட்டும்போது கோணல் வராது. அதைவிட முக்கியம், குண்டுக்கும் பைலனுக்கும் நடுவே ஒரு மயிரிழை வெளிச்சம் கிடைக்கும். நிஜத்தில் குண்டு கொக்கியில் தொங்குகிறது. பக்கவாட்டில் ஆடாமல் இருக்க நான்கு சின்னக் கால்கள் அதை அழுத்திப் பிடிக்கின்றன. ஸ்வே பிரேஸ் என்பார் பெரியப்பா. பெட்டிச் சட்டத்துப் பிளாஸ்டிக்கை மெழுகுவர்த்தியில் காட்டி நூலாக இழுத்து, அதில் இந்தக் கால்களை வெட்டி வைக்கலாம். பைலனோடு பசை போட்டு அப்பிய குண்டில் எடையே தெரியாது.

வால் துடுப்புகள் எக்ஸ் வடிவில் நிற்க வேண்டும், கூட்டல் குறி போல அல்ல. பைலனில் இருக்கும் ஏவு தண்டவாளத்தில் மாட்டிய சைட்வைண்டரின் துடுப்பும் எக்ஸ்தான். அடுத்து, நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தப்பு. 1999 ஜூன் 24 அன்று டைகர் ஹில் மேல் மிராஜ் போட்டது பேவ்வே 2 லேசர் குண்டு. அதன் பின் இறக்கைகள் விமானத்தை விட்டுப் பிரிந்த பிறகே விரியும். பைலனில் தொங்கும்போது மடங்கியே இருக்கும். பெட்டிகளில் பெரும்பாலும் விரிந்த இறக்கையைத்தான் கொடுக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறதே. நான் அவற்றை வேரோடு வெட்டிவிட்டு, மடங்கிய இறக்கையின் விளிம்பு மட்டும் தெரியும்படி மெல்லிய பிளாஸ்டிக் கீற்று ஒட்டுகிறேன். வியட்நாம் காலத்துப் பேவ்வே 1-க்கு இறக்கை நிலையானது; அதை அப்படியே விட்டுவிடலாம்.

நிறத்துக்கு வருவோம். அமெரிக்க, நேட்டோ ஆயுதங்களில் மஞ்சள் பட்டை என்றால் உள்ளே வெடிமருந்து, பழுப்புப் பட்டை என்றால் ராக்கெட் எரிமருந்து, நீலம் என்றால் பயிற்சிக்கு. மாடலில் அழகுக்காக நீலப் பட்டை அடித்தால் அந்த விமானம் பயிற்சிக்குப் போகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பட்டைக்கு டெக்கால் இல்லையென்றால், மஞ்சள் அடித்த வெற்று டெக்கால் தாளிலிருந்து கீற்று வெட்டிச் சுற்றிவிடலாம். வட்டப் புள்ளிகளுக்கு ஆம்பூரில் செருப்புத் தைக்கிறவர்கள் பயன்படுத்தும் தோல் பன்ச் வைத்திருக்கிறேன். சின்ன அளவில் அதைவிடச் சுத்தமாக வெட்டும் கருவியை நான் பார்த்ததில்லை.

அமெரிக்கக் கடற்படைக் குண்டு என்றால் இன்னொரு வேலை. 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு ராக்கெட் தானாகப் பாய்ந்து தீப்பிடித்தது. நெருப்பில் சூடேறிய குண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வெடித்தன. 134 பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் கப்பலில் ஏற்றும் குண்டுகளுக்கு வெப்பம் தாங்கும் மேல்பூச்சு வந்தது. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். விமானப்படைக் குண்டு மழமழ. மாடலில் இதைக் கொண்டுவர, பிளாஸ்டிக்குக்கான திரவப் பசையைக் குண்டின் மேல் தடவி, இளகும்போது பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லக் குத்துவேன். அந்தச் சொரசொரப்பைச் செய்யும்போதெல்லாம் அந்த 134 பேர் நினைவுக்கு வருகிறார்கள். 1966-இன் ஃபேன்டம் போர் விமானத்தில் இதைச் செய்யக்கூடாது என்பதையும் அந்தத் தேதியே சொல்லிவிடுகிறது.

அழுக்கு ஏற்றுவதில் ஒரு எளிய வழி: திரும்பி வருவது அழுக்காகும், திரும்பி வராதது அழுக்காகாது. பைலன், தாங்கி, டேங்க் எல்லாம் நூறு முறை போய் வந்தவை. எண்ணெய் வழிந்திருக்கும், பெயிண்ட் உரிந்திருக்கும். குண்டு ஒரே பயணம்தான் போகிறது. தள்ளுவண்டியில் உரசிய கீறல் இருக்கலாம், யாராவது சாக்பீஸால் எழுதியிருக்கலாம், அவ்வளவுதான். ஏவுகணை இரண்டுக்கும் நடுவில். பல முறை சுமந்து சென்று ஏவாமலே திரும்பியிருக்கும்.

விமானம் நிற்கிறதா, பறக்கிறதா என்பதையும் பாருங்கள். நிற்கும் விமானத்தில் பாதுகாப்புப் பின்களில் சிவப்பு நாடா தொங்கும், ஏவுகணை மூக்கில் மூடி இருக்கும். விமானியை உட்காரவைத்து, சக்கரத்தை மடக்கி, பறக்கும் நிலையில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நாடாவையும் தொங்கவிட்டால், பின்னைப் பிடுங்காமலே கிளம்பிவிட்டதாக அர்த்தம். பெரியப்பா போன்ற ஒருவருக்கு அது பெரிய அவமானம். நாடாவுக்குப் பட்டர் பேப்பரைச் சிவப்பாக்கி வெட்டினால் போதும்.

ஒன்றுமே மாட்டாமல் விடுவதும் நல்ல முடிவுதான். ரயிலில் சென்னைக்குப் போகும்போது அரக்கோணம் பக்கம் கடற்படையின் ராஜாளி தளத்து பி-8ஐ விமானம் தாழப் பறந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்த ஒவ்வொரு முறையும் இறக்கைக்கு அடியில் வெறுமைதான். நீர்மூழ்கியைத் தேடும் விமானம் அது. டார்பிடோ வயிற்று அறைக்குள் இருக்கும்.

வேலூர்க்காரர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். மே மாத வெயிலில் பெயிண்ட் குண்டைத் தொடும் முன்பே காய்ந்து பொடியாக விழும். ஆயுதங்களைப் பல்குச்சியில் குத்தி வைத்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு அடியுங்கள். டெக்காலுக்கு எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படியும். கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுதங்களை எல்லாவற்றுக்கும் கடைசியாக, வார்னிஷ் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கம்பி செருகியிருப்பதால் ஒரு சொட்டு ஃபெவிகால் போதும். சூப்பர் குளூ பக்கத்தில் இருக்கும் ஏவுகணையின் கண்ணாடி மூக்கைப் புகை மூட்டிவிடும். இப்போது என் மேஜையில் ஒரு மிக்-21 எஃப்எல் நிற்கிறது, 1971-க்கு. இரண்டு இறக்கையிலும் 57 மி.மீ. ராக்கெட் பெட்டிகள், டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகை மேல் பாய்ந்த ராக்கெட் அந்த வகைதான். கம்பி செருகி வைத்திருக்கிறேன், பசை இன்னும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பஸ் ஏறி வருகிறார். அவர் கவிழ்த்துப் பார்க்கட்டும், அப்புறம் ஒட்டுகிறேன்.