தாடை மூட்டு வலிக்கு ஸ்பிளின்ட் அணியும் முறை

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடும்போது அசைவது தெரிகிற இடமே தாடை மூட்டு. அங்கே வலி இருந்தாலோ, காலையில் எழும்போது கன்னத் தசைகள் இறுகியிருந்தாலோ பல் மருத்துவர் ஸ்பிளின்ட், அதாவது பற்களின் மேல் மாட்டிக் கழற்றக்கூடிய உறை, அணியச் சொல்லலாம். பலரும் இதை 'நைட் கார்டு' என்பார்கள். வலியின்றி 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்டால் பொதுவாக இது தேவைப்படாது.

மேல் வரிசை அல்லது கீழ் வரிசைப் பற்கள் முழுவதையும் மூடும்படி அக்ரிலிக் என்ற கடினமான பிளாஸ்டிக்கில், அச்செடுத்துச் செய்வதே பெரும்பாலோருக்கு ஏற்றது. வெந்நீரில் போட்டுக் கடித்து உருவாக்கும், கடையில் கிடைக்கும் உறைகள் மென்மையானவை. சிலருக்கு அவற்றை அணிந்ததும் பற்களை இறுகக் கடிக்கும் பழக்கம் கூடிவிடுகிறது. முன்பற்களை மட்டும் மூடும் வகையை நீண்ட காலம் அணிந்தால், மூடப்படாத கடைவாய்ப் பற்கள் மேலெழுந்து, வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத நிலை வரக்கூடும்.

ஸ்பிளின்ட் கைக்கு வரும் நாளில் அவசரப்படாதீர்கள். மருத்துவர் வண்ணத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார். இருபுறமும் கடைவாய்ப் பற்கள் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் தொட வேண்டும், தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது பெரும்பாலும் கோரைப்பல்லே தாங்க வேண்டும். எந்தப் பல் முதலில் தட்டுகிறது என்பதை உங்களால்தான் சொல்ல முடியும், ஆகவே கூச்சப்படாமல் சொல்லுங்கள். தசைகள் தளரத் தளரக் கடி சற்று மாறுவதால், ஓரிரு வாரங்களில் மீண்டும் மருத்துவரிடம் சென்று ஸ்பிளின்ட்டைத் தேய்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். பலர் இந்த வருகையைத் தவிர்த்துவிட்டுப் பிறகு ஸ்பிளின்ட்டைக் குறை சொல்கிறார்கள்.

தூங்கும்போது மட்டும் அணியுங்கள். முதல் சில இரவுகளில் எச்சில் அதிகம் சுரப்பதும், காலையில் கழற்றியபின் சில நிமிடங்கள் கடி விநோதமாகத் தோன்றுவதும் இயல்பே. அது நாள் முழுவதும் நீடித்தாலோ, வலி கூடினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சிலருக்கு ஸ்பிளின்ட் அதை மோசமாக்கலாம்.

கழற்றியதும் மென்மையான பிரஷ்ஷால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்; வெந்நீர் பட்டால் அக்ரிலிக் வளையும். காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள். காகிதத்தில் சுற்றி வைத்தால் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்!

பற்களைக் கடிக்கும் பழக்கத்தை ஸ்பிளின்ட் அடியோடு போக்குவதில்லை. கடியின் சுமையைப் பரப்பிப் பற்களைத் தேயாமல் காக்கிறது, தசைகளுக்கு ஓய்வு தருகிறது. ஆகவே பகலில் உதடுகள் மூடியிருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். சூயிங்கமும் முறுக்கும் சில வாரங்களுக்கு வேண்டாம். வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டால் அடுத்த வருகைவரை காத்திருக்காமல் உடனே செல்லுங்கள். புதிதாகப் பல்லுக்கு நிரந்தர உறை (கிரவுன்) போட்டாலோ, பல்லை அடைத்தாலோ ஸ்பிளின்ட்டையும் எடுத்துச் சென்று பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.