வலு குறைந்த கம்ப்யூட்டருக்கு கேம் வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

என் பழைய லேப்டாப்பில் கீபோர்டுக்குக் கீழே "ஐ7" என்று பளபளக்கும் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதை நம்பி, தள்ளுபடியில் வந்த கார் பந்தய கேம் ஒன்றை வாங்கிப் போட்டேன். வேலை ஓயட்டும் என்று மூன்று வாரம் தொடவில்லை. பிறகு ஒருநாள் உட்கார்ந்து திறந்தால், கார் ஓடவில்லை, ஆல்பம் புரட்டுகிற மாதிரி படம் படமாக நகர்ந்தது. வளைவில் நான் பட்டனை அழுத்தி, கார் சுவரில் மோதி, அதற்கப்புறம்தான் சக்கரம் திரும்பியது. ஃபேன் மட்டும் முழு வேகத்தில் அலறியது. திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் கெடு முடிந்திருந்தது.

அதில் இரண்டு தப்பு, இரண்டும் என்னுடையவை. மெஷினைப் பார்க்காமல் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கியது ஒன்று. வாங்கியதும் ஓட்டிப் பார்க்காதது இன்னொன்று. இந்த இரண்டையும் தவிர்த்தாலே பாதிக் காசு மிஞ்சும். விண்டோஸ் மெஷினை வைத்துத்தான் சொல்லப்போகிறேன்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். மூலையில் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் ஆங்கிலத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று ஆறு எழுத்தை இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கிற விண்டோவின் முதல் பக்கத்தில் ப்ராசஸர் (கணக்குப் போடும் மூளை) பெயரும் ரேம் (வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் மெமரி) அளவும் இருக்கும். "டிஸ்ப்ளே" பக்கத்தில் கிராபிக்ஸ் சிப்பின் பெயர். லேப்டாப்பில் தனி கிராபிக்ஸும் இருந்தால் "ரெண்டர்" என்று இன்னொரு பக்கம் தெரியலாம், அதையும் பாருங்கள்.

இங்கே எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. முதல் பக்கத்தில் "டைரக்ட்எக்ஸ் 12" என்று எழுதியிருக்கும். டைரக்ட்எக்ஸ் என்பது கேமும் கிராபிக்ஸ் சிப்பும் பேசிக்கொள்ள விண்டோஸ் வைத்திருக்கும் பாலம். விண்டோஸ் 10 போட்ட எந்தக் கிழட்டு மெஷினிலும் அப்படித்தான் எழுதியிருக்கும், ஏனென்றால் அது விண்டோஸின் கணக்கு. உங்கள் கிராபிக்ஸ் சிப்புக்கு எதுவரை முடியும் என்பது டிஸ்ப்ளே பக்கத்தில் "ஃபீச்சர் லெவல்ஸ்" என்ற வரியில் இருக்கிறது. 2012-இல் வந்த இன்டெல் எச்டி 4000 போன்ற சிப்பில் அந்த வரி 11_0-வோடு நின்றுவிடும். 12_0 கேட்கிற கேம் அதில் திறக்காது.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "பெர்ஃபார்மன்ஸ்" பகுதியில் "மெமரி"யைத் தட்டுங்கள். பெரும்பாலான மெஷின்களில் எத்தனை ரேம் ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இல்லை, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேம் வாங்கும்போதெல்லாம் இது கையில் வேண்டும்.

படி 2: பெயர்களைப் படிக்கப் பழகுங்கள்

எண் பெரிதாக இருந்தால் வலுவும் பெரிது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் கம்பெனிகள் அப்படிப் பெயர் வைப்பதில்லை. என் லேப்டாப்பில் இருந்தது இன்டெலின் ஐ7-7500யு ப்ராசஸர். கடைசியில் "யு" என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ரகம். அதில் கோர், அதாவது கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி, இரண்டே இரண்டு. அடுத்த தலைமுறையில் வந்த ஐ5-8250யு-வில் நான்கு கோர். பெயரில் ஐ7-ஐவிடத் தாழ்ந்தது ஐ5, வேலையில் அதுதான் மேல்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. ஜிடிஎக்ஸ் 660 வந்தது 2012. ஜிடி 730 வந்தது 2014. புதியது, எண்ணும் பெரிது, ஆனாலும் ஜிடி 730 பழைய 660-க்குப் பக்கத்தில்கூட நிற்காது. முதல் இலக்கம் தலைமுறை, அடுத்து வரும் இலக்கம் தகுதி. 660-இல் இரண்டாவது 6-ஐயும், 730-இல் அந்த 3-ஐயும் பாருங்கள். கேமின் பட்டியல் "ஜிடிஎக்ஸ் 660 வேண்டும்" என்று கேட்டு, உங்களிடம் 730 இருந்தால், "நம்மிடம் அதைவிட மேலானது இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

தனிக் கார்டே இல்லாத லேப்டாப்பில் இன்டெல் யுஎச்டி 620 மாதிரி ஏதாவது இருக்கும். இது ப்ராசஸருக்குள்ளேயே குடியிருக்கும் கிராபிக்ஸ். தனக்கென்று மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். 8 ஜிபி ரேம் இருக்கிறது என்றால் அது விண்டோஸுக்கும் கேமுக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்துத்தான்.

படி 3: தேவைப் பட்டியலை இப்படிப் படியுங்கள்

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் பெரும்பாலான கேம்களின் பக்கத்தில் கீழே போனால் "மினிமம்", "ரெகமெண்டட்" என்று இரண்டு பட்டியல் இருக்கும். மினிமம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று பல கம்பெனிகள் சொல்வதே இல்லை. எந்த ரெசல்யூஷனில் (திரையில் எத்தனை புள்ளி), விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்)? மௌனம். நான் அதை "திறக்கும்" என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். உங்கள் மெஷின் மினிமத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றால், முழு விலை கொடுக்காதீர்கள்.

இதைவிட முக்கியம், பட்டியலில் எது வேகக் குறைவு, எது பூட்டு என்று பிரித்துப் பார்ப்பது. வேகம் குறைவு என்றால் செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கலாம். பூட்டு என்றால் எதைக் குறைத்தாலும் திறக்காது. ஃபீச்சர் லெவல் ஒரு பூட்டு. 64-பிட் விண்டோஸ் கேட்பது ஒரு பூட்டு. பழைய ப்ராசஸர்களில் இல்லாத ஏவிஎக்ஸ் கட்டளைகளை எதிர்பார்க்கிற கேம்கள் உண்டு, அவை திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். 2024-இல் வந்த "இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்" கேமுக்கு ரே டிரேசிங் (ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் உத்தி) வன்பொருள் கட்டாயம். ஸ்டீமுக்கே ஒரு பூட்டு இருக்கிறது: 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஆதரவை நிறுத்திவிட்டார்கள்.

படத்தைப் பார்த்து எடை போடாதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். "ரிம்வேர்ல்டு" பார்க்கத் தட்டையான பொம்மைப் படம் மாதிரி இருக்கும். ஆனால் குடியிருப்பு வளர வளர, ஒவ்வொரு ஆளும் மிருகமும் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டே ப்ராசஸர் மூச்சுத் திணறும். "போர்ட்டல் 2" முழு முப்பரிமாணம், அழகாகவும் இருக்கும், ஆனால் வந்தது 2011. சாதாரண லேப்டாப்பே இழுத்துவிடும்.

படி 4: உங்கள் மெஷினில் யாராவது ஓட்டியிருக்கிறார்களா?

யூடியூபில் கேமின் பெயரையும் உங்கள் கிராபிக்ஸ் சிப்பின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலும் ஒருவராவது ஓட்டிக் காட்டியிருப்பார். பார்க்கும்போது அவர் வைத்திருக்கும் ரெசல்யூஷன் என்ன, ரேம் எவ்வளவு என்று கவனியுங்கள். வீடியோ முதல் காட்சியோடு நின்றுவிட்டால் நம்பாதீர்கள். கூட்டமான ஊர், பெரிய சண்டை, மழை, இதெல்லாம் வருகிற இடத்தில் ஃபிரேம் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் வேண்டும்.

டெமோ இருந்தால் இந்தத் தேடலே வேண்டாம், இறக்கி ஓட்டிப் பாருங்கள். எபிக் கடையில் வாரா வாரம் ஏதாவது ஒரு கேம் இலவசமாகக் கிடைக்கிறது. மெஷினின் பலத்தைச் சோதிக்க அதுவும் ஒரு வழிதான்.

படி 5: நேரம் இருக்கிற நாளில் வாங்குங்கள்

ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணிநேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எபிக்கிலும் ஏறக்குறைய இதே கணக்கு. ஜிஓஜி என்ற கடையில் 30 நாள். வேறு தளத்தில் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) மட்டும் வாங்கி ஸ்டீமில் போட்டால் இந்தச் சலுகை கிடையாது, அதனால் வலு குறைந்த மெஷின்காரர்களுக்கு மலிவுக் கீ அவ்வளவு மலிவில்லை. இதைச் சும்மா விளையாடிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் வித்தையாகவும் ஆக்கிவிடாதீர்கள். அளவு மீறினால் நிறுத்திவிடுவோம் என்று ஸ்டீமே சொல்கிறது.

அந்த 2 மணிநேரம் கேம் திறந்திருக்கும் நேரம். மெனுவை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே திறக்கும் முன்பே கிராபிக்ஸ் டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருள்) புதுப்பித்து, சார்ஜரைச் செருகி, பிரவுசரை மூடிவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப் என்றால், விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், அந்த கேமுக்கு "ஹை பெர்ஃபார்மன்ஸ்" தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல், தனிக் கார்டு சும்மா தூங்கிக்கொண்டிருக்க, "கேம் சரியில்லை" என்று திட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்டீம் செட்டிங்ஸில் "இன்-கேம்" பகுதியில் ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, அரை மணிநேரம் நிறுத்தாமல் விளையாடுங்கள். முதல் ஐந்து நிமிடம் எந்த லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும். சூடேறிய பிறகுதான் சாயம் வெளுக்கும்: இருபதாவது நிமிடத்தில் 45-இல் இருந்த எண் 28-க்கு விழலாம், அப்படியே அங்கேயே நின்றும் விடலாம். அந்த 28-தான் உங்கள் நிஜமான எண்.

எண் எவ்வளவு இருந்தால் போதும்? விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு படத்தை வரைய 16.7 மில்லிவிநாடி கிடைக்கும். 30 என்றால் 33.3. 60-க்கும் 35-க்கும் இடையே தள்ளாடுவதைவிட, கேமுக்குள்ளேயே 30 என்று வரம்பு வைத்துச் சீராக ஓட்டுவது கண்ணுக்கு இதம். சுடுகிற கேம்களுக்கு 30 எனக்குப் போதாது. ஆற அமர யோசித்து ஆடும் கேம்களுக்குத் தாராளம்.

படி 6: எதை முதலில் குறைப்பது

ரெசல்யூஷன். 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 1280×720-இல் 9,21,600. வரைகிற வேலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. படம் கொஞ்சம் மங்கும், சின்ன லேப்டாப் திரையில் பழகிவிடும். "எஃப்எஸ்ஆர்" என்று ஒரு செட்டிங் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள், சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் உத்தி அது. "டிஎல்எஸ்எஸ்" ஆர்டிஎக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும்.

பிறகு நிழல், பிரதிபலிப்பு, ஆன்டி-அலையாசிங் (விளிம்புகளை வழவழப்பாக்குவது). டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படம்) எடுத்ததும் குறைக்காதீர்கள். அது பெரும்பாலும் கிராபிக்ஸ் மெமரியைத் தின்கிற விஷயம், மெமரி போதுமானால் குறைத்தும் வேகம் பெரிதாக ஏறாது, படம்தான் அசிங்கமாகும். இவ்வளவும் குறைத்து எண் அசையவே இல்லை என்றால் சிக்கல் ப்ராசஸரில் இருக்கிறது. அப்போது ரீஃபண்ட் பட்டனைத் தேடுங்கள்.

எதை வாங்கலாம்?

"ஸ்டார்டியூ வேலி" 2 ஜிபி ரேமும் 500 எம்பி இடமும் கேட்கிறது, மாதக்கணக்கில் நேரத்தை விழுங்குகிறது. "செலஸ்ட்" தன் பட்டியலிலேயே இன்டெல் எச்டி 4000 என்று எழுதியிருக்கிறது. சீட்டுக்கட்டுப் பிரியர்களுக்கு 2024-இல் வந்த "பலாட்ரோ", யோசிக்கப் பிடித்தவர்களுக்கு "இன்டு த பிரீச்", "பேப்பர்ஸ், ப்ளீஸ்". என்னைக் கேட்டால் முதல் கேமாக "போர்ட்டல் 2". தள்ளுபடி வராமல் இதையெல்லாம் வாங்கவும் வேண்டாம், பழைய கேம்களுக்கு அடிக்கடி வரும்.

கேமுக்குப் பதில் ரேம்

முன்பு குறித்து வைத்த ஸ்லாட் விஷயம். 2400 வேகத்து டிடிஆர்4 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 19.2 ஜிபி தரவு போகும். அதே ரகத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் 38.4. ரேமைப் பங்கு போடும் உள்ளமை கிராபிக்ஸுக்கு இது ஒற்றையடிப் பாதையை இருவழிச் சாலையாக்குகிற வேலை, பல கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சில லேப்டாப்களில் ரேமைப் பலகையோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். உங்கள் மாடலில் கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இணையம் வேகமாக இருந்தால் ஜிஃபோர்ஸ் நவ் போன்ற சேவைகளும் இருக்கின்றன. கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், உங்களுக்கு வீடியோ மட்டும் வரும். 720 தரத்துக்கு விநாடிக்கு 15 மெகாபிட், 1080-க்கு 25 வேண்டும் என்று கேட்கிறார்கள். வாங்கப்போகும் கேம் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் நாட்டில் சேவை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓடாது என்று தெரிந்த கேம்களை விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள். விலை குறையும்போது மெயில் வரும். மெயில் வந்ததும் பழைய நினைப்பில் வாங்கிவிடாமல், தேவைப் பட்டியலை மறுபடி ஒருமுறை படியுங்கள். அப்டேட்டுகளில் அந்தப் பட்டியலும் மாறுவதுண்டு.