அப்பா அம்மாவை ஆஸ்திரேலியாவுக்கு அழைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"அப்பா ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்." பெரும்பாலான வீடுகளில் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. 103 என்கிற சாதாரணப் பெற்றோர் விசாவுக்கு இன்று விண்ணப்பித்தால் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 62 வயது அம்மாவுக்கு அதைப் போட்டு என்ன பயன்? நிறையப் பணம் கட்ட வேண்டிய 143 விசாவுக்கே வரிசை 10 ஆண்டுகளைத் தாண்டும். செலவும் ஒரு ஆளுக்கு 48,000 ஆஸ்திரேலிய டாலர் பக்கம் வரும். அவ்வளவு பணம் சேரட்டும் என்று பலர் இரண்டு மூன்று வருடம் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது தேவையே இல்லை, ஏனென்றால் அதில் பெரும் பகுதியான 43,600 டாலரை முறை வந்து விசா தரப்போகும் சமயத்தில்தான் கேட்பார்கள். விண்ணப்பத் தேதிதான் வரிசையில் உங்கள் இடம்.

விண்ணப்பிக்கும் முன் உடன்பிறந்தவர்கள் எல்லாரையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். அண்ணன் சென்னையில், நீங்கள் மெல்போர்னில் என்றால் சரி. அதே வீட்டில் அக்கா ஒருத்தி அமெரிக்காவில் இருந்தால் ஆளுக்கொரு நாடாகிவிடும், தகுதி போய்விடும். சிட்னியில் தற்காலிக வேலை விசாவில் இருக்கும் தம்பியையும் ஆஸ்திரேலியக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இந்த விதிக்கு விலக்கே கிடையாது. பணம் கட்டிவிட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமில்லை இது.

அடுத்து பெயர். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. என் பிறப்புச் சான்றிதழில் அம்மா 'ராஜம்', பாஸ்போர்ட்டில் 'ராஜாம்பாள்', ரேஷன் கார்டில் தாத்தா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஆறு மாதம் அலைந்தேன். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009-இல்தான், அதற்கு முன் கல்யாணம் ஆன பல பெற்றோரிடம் சான்றிதழே இருக்காது. அப்பா நடமாடும்போதே இருவரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் அதை முடித்துவிடுங்கள்.

விண்ணப்பம் போட்ட கையோடு ஊர் வீட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். தயவுசெய்து. வரிசையில் முறை வரும்போதுதான் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை நடக்கும், அதற்குள் அப்பாவுக்குப் பத்து வயது கூடியிருக்கும். இருவரில் ஒருவர் தேறாவிட்டால் பொதுவாக இருவருக்குமே விசா இல்லை. அப்போது அவர்கள் எங்கே போவார்கள்?

காத்திருக்கும் காலத்துக்கு 600 சுற்றுலா விசா இருக்கிறது, 870 என்கிற தற்காலிகப் பெற்றோர் விசாவும் இருக்கிறது. 870-இல் 3 அல்லது 5 ஆண்டு இருக்கலாம், மொத்தம் 10 ஆண்டுக்கு மேல் முடியாது, வேலை பார்க்கவும் கூடாது. அதுவே பின்னால் நிரந்தர விசாவாக மாறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுற்றுலா விசாக் கடிதத்தில் 8503 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே இருந்துகொண்டே வேறு விசாவுக்கு விண்ணப்பிப்பது அநேகமாக முடியாது. இரண்டு விசாவிலுமே மெடிகேர் என்கிற ஆஸ்திரேலிய அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, அதற்கான ஒப்பந்தமே இந்தியாவோடு இல்லை. காப்பீடு எடுக்கும்போது அப்பாவின் சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் ஆஸ்பத்திரி பில் வரும் நாளில் கைவிட்டுவிடுவார்கள். ஊரிலிருந்து கொண்டுவரும் மாத்திரை மூன்று மாதத்துக்கு மட்டும், டாக்டர் சீட்டோடு.

முதல் தடவை அழைக்கும்போது பேரன் பிறந்தநாள், கோடை வெயில் என்று நல்ல மாதமாகப் பார்த்து அழைக்காதீர்கள். ஜூன், ஜூலையில் வரட்டும், அங்கே அது குளிர்காலம். மெல்போர்னில் மாலை ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். நீங்கள் இருவரும் வேலையில், பேரன் பள்ளியில். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மாதம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அப்புறம் 'இங்கேயே இருந்துடறியாம்மா' என்று அவரிடமே கேளுங்கள்.