பரணில் கிடக்கும் டிவி கேமை மறுபடி ஓட வைப்பது எப்படி?

தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் சாமுராய், மீடியா என்று பல பெட்டிகள் விற்றன. அவற்றில் பெரும்பாலானவை 1983 ஜூலையில் நின்டென்டோ ஜப்பானில் இறக்கிய ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியின் நகல்கள். அந்த நகல்களில் மேலே அச்சிட்ட பெயர் எதுவானாலும் கேசட்டுக்கு 60 கால்கள்தான் (அடி விளிம்பில் வரிசையாகத் தெரியும் உலோகப் பட்டைகள்), உள்ளே ஓடும் வேலையும் ஒன்றுதான். அதனால் கீழே உள்ளது அநேகமாக உங்கள் பெட்டிக்கும் பொருந்தும்.

இந்தப் பெட்டி சுவிட்சைத் தட்டிய மறுநொடியே ஆட்டத்தைத் தொடங்கிவிடும். கேசட்டில் இருக்கும் சிப்பை பெட்டியின் பிராசஸர் நேரடியாகவே வாசிக்கிறது. காப்பி எடுத்து நினைவகத்தில் ஏற்றும் வேலை கிடையாது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுசும் வெறும் 40 கிலோபைட். கேசட்டைச் சொருகினால் அது பெட்டியின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. இந்த வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை, சொருகும் இடத்தில் ஒரு கால் சரியாகத் தொடாவிட்டாலும் ஆட்டம் படுத்துவிடும்.

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், 99 சதவீத ஐஸோபுரொபைல் ஆல்கஹால் 100 மில்லி, இயர் பட்ஸ், வெள்ளை அழிப்பான், பழைய விசிட்டிங் கார்டு, மெல்லிய பருத்தித் துணி.

1. அடாப்டரை முதலில் பாருங்கள்

பரணிலிருந்து இறக்கியதும் கையில் கிடைத்த 9 வோல்ட் அடாப்டரைச் சொருகாதீர்கள். பல பெட்டிகள் சாவது இங்கேதான். ஒரிஜினல் ஃபாமிகாமில் பின்னின் நடுப்பகுதி நெகடிவ். நகல்களில் சிலது அப்படி, சிலது நேர்மாறு. தலைகீழாகக் கொடுத்தால் தடுக்க டயோடு இல்லாத பெட்டிகளில் வோல்டேஜை 5ஆகக் குறைக்கும் ரெகுலேட்டர் போகும், சில சமயம் சிப்பும் சேர்ந்து போகும்.

குறி அழிந்திருந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் மூன்று கால் கொண்ட, பின்னால் உலோகத் தகடு வைத்த 7805 ரெகுலேட்டர் தெரியும். அதன் நடுக்கால் கிரவுண்டு. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை அந்த நடுக்காலிலும் மறு முனையை அடாப்டர் சாக்கெட்டின் ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பாருங்கள். எது பீப் அடிக்கிறதோ அதுதான் நெகடிவ்.

சரியான அடாப்டரைப் போட்டபின் 7805இன் மூன்றாம் காலில் (எழுத்துப் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, வலது ஓரம்) 4.8 முதல் 5.2 வோல்ட் வர வேண்டும். முதல் காலில் 9 வந்து மூன்றாம் காலில் எதுவும் வரவில்லை, ரெகுலேட்டரும் கொதிக்கவில்லை என்றால் 7805ஐ மாற்றிவிடலாம். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். தொட முடியாமல் கொதித்தால் அதற்குப் பின்னால் எங்கோ ஷார்ட். பழைய கனமான டிரான்ஸ்பார்மர் அடாப்டர் மீட்டரில் 12, 13 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம், சுமை இல்லாதபோது அது அப்படித்தான். ஆனால் படத்தில் அகலமான பட்டைகள் மெல்ல மேலேறினால் அந்த அடாப்டரின் கண்டென்சர் வறண்டுவிட்டது. அதைத் திறக்காமல் வேறு வாங்குங்கள், உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.

2. கேசட்டை ஊதாதீர்கள்

ஊதினால் ஓடுகிறதே என்பீர்கள். ஓட வைத்தது காற்று அல்ல. கழற்றி மறுபடி சொருகும்போது கால்கள் ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்த ஆக்ஸைடு சற்று விலகுகிறது. ஊதும்போது போகும் எச்சில் ஈரமோ அடுத்த சில மாதங்களில் அதே கால்களைக் கறுக்க வைக்கும்.

இயர் பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து, உதறி, கால்களின் நீளவாக்கில் தேயுங்கள். இரண்டு பக்கமும். பஞ்சு கறுப்பாகாமல் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், ஒரு கேசட்டுக்கு ஆறேழு பட்ஸ் ஆகலாம். அப்படியும் மங்கலாக இருந்தால் வெள்ளை அழிப்பானால் நாலு இழுப்பு, பிறகு துகள் போக மறுபடி ஆல்கஹால். உப்புத்தாள் மட்டும் கூடவே கூடாது. நகல் கேசட்டுகளில் மேல்பூச்சு மிக மெல்லியது, ஒரு தேய்ப்பில் செம்பு வெளியே வந்துவிடும்.

பெட்டியின் வாய்க்கு, விசிட்டிங் கார்டின் மேல் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, ஆல்கஹால் தொட்டு, நேராக உள்ளே விட்டு பத்துமுறை எடுங்கள். ஆட்டாதீர்கள், கால் வளையும். பத்து நிமிடம் காயவிட்டபின் மின்சாரம்.

இப்போது திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒரே நிறம் மட்டும் நின்றால் புரோகிராம் சிப்பை பிராசஸர் வாசிக்கவில்லை. பாட்டு ஓடுகிறது, ஸ்டார்ட் கேட்கிறது, ஆனால் மாரியோவின் உடம்பில் எழுத்தும் செங்கல்லும் முளைத்திருக்கிறது என்றால் பெரும்பாலும் படச் சிப்பின் கால்களில்தான் கோளாறு. படத்துக்குத் தனிக் கால்வரிசை உண்டு. இரண்டுக்கும் மருந்து இன்னொரு முறை துடைப்பதுதான். நன்றாகத் துடைத்தும், வேறு கேசட் ஓடும் பெட்டியில் இது மட்டும் ஓடவில்லை என்றால், கேசட்டுக்குள் சிப்பை மூடியிருக்கும் கறுப்புக் குமிழுக்கு அடியில் கம்பி விட்டிருக்கலாம். அதைச் சரிசெய்ய வழியில்லை. ('9999 இன் 1' கேசட் என்றால் பெரிய நஷ்டமில்லை. சில ஆட்டங்களையே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள்.)

3. புது டிவியில் இணைப்பது

மஞ்சள் பின் படம், வெள்ளை ஒலி. புது டிவிகள் பலவற்றில் மூன்று ஓட்டைக்குப் பதில் 3.5 மில்லிமீட்டர் 'ஏவி இன்' ஓட்டை ஒன்றுதான் இருக்கும். அதற்கான கேபிளில் இணைப்பு வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று இரைச்சல், படம் இல்லை என்றால் வரிசை பொருந்தவில்லை. மஞ்சளை வெள்ளையின் இடத்துக்கும் சிவப்பின் இடத்துக்கும் மாற்றிப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவில் வையுங்கள், அப்படியும் கலர் வராவிட்டால் 'PAL' என்பதில் வையுங்கள்.

டிவியில் 'கேம் மோட்' இருந்தால் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் டிவி படத்தை மெருகேற்ற எடுக்கும் நேரத்தில் மாரியோ பள்ளத்தில் விழுந்திருப்பார்.

4. பட்டன் கேட்கவில்லையா?

ஜாய்ஸ்டிக்கைத் திறந்து, ரப்பரின் கறுப்புப் பொட்டுகளையும் போர்டையும் ஆல்கஹாலால் லேசாக ஒற்றுங்கள். அழுத்தித் தேய்த்தால் கார்பன் உரிந்துவிடும். ஒரு பட்டனும் வேலை செய்யாவிட்டால் வயர் அறுந்திருக்கும், அநேகமாகப் பின்னுக்குப் பக்கத்தில். உள்ளே ஐந்து வயர்தான், ஒவ்வொன்றாக பீப் வைத்துப் பார்க்கலாம்.

5. துப்பாக்கி

வாத்து சுடும் துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யாது. துப்பாக்கி கெட்டதாக நினைத்துப் பிரித்து மேயாதீர்கள். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். அந்தக் கண், குழாய் டிவி வரிவரியாக வரையும்போது எழும் நொடிக்குச் சுமார் 15,000 துடிப்புகளுக்கு ஏற்பச் செய்யப்பட்டது. எல்இடி திரையில் அந்தத் துடிப்பே இல்லை, கட்டமும் தாமதமாக வருகிறது. வாத்து சுட ஆசை என்றால் பழைய பொருள் கடையில் ஒரு 14 அங்குல குழாய் டிவி தேடுங்கள். வாங்கும்முன் பின்பக்கம் மஞ்சள் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.