வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே காலநிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகள் ஒரு ஜூன் 5 ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, பாடசாலையில் கொடுத்த கொய்யாக் கன்றை எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் நட்டாள். பண்டாரவளைப் பக்கத்தில் மழை நின்றிருந்த நேரம் அது. தினமும் பீலியிலிருந்து (மலை ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்) வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றியது அம்மாதான். பல வருடம் கொழுந்துக்கூடை சுமந்து ஓய்ந்தவர். ஆகஸ்டில் கன்று குச்சியாகிவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மிஞ்சியது.

மரம் நட்டது தவறில்லை, நட்ட மாதம்தான் தவறு. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இருக்கும். எங்கள் ஊவாவில் அப்போது வறண்ட காற்று. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவதே ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்தக் காற்றுதான். இங்கே ஒக்டோபரில் மழை பிடித்த பிறகு நட்டால் பெரும்பாலும் மழையே கன்றைப் பார்த்துக்கொள்ளும். பீலிக்கு மேலே டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரம் மட்டும் வைக்காதீர்கள், அது தண்ணீரை உறிஞ்சிவிடும்.

நான் கண்டதில் பெரிய தவறு, வீட்டில் ஏற்கனவே அதிகம் சுமப்பவர் தலையில் இதையும் ஏற்றுவது. குப்பை பிரிப்பது, உரக்குழி கிளறுவது, துணிப்பை துவைப்பது எல்லாம் தானாகவே பெண்கள் பக்கம் வந்து சேர்கின்றன. காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) ஓடுபவளுக்கும், டவுனில் வேலை முடிந்து ஆறு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே வருபவளுக்கும் அது மூன்றாவது வேலை. இரண்டு கிழமையில் எல்லாம் நின்றுபோகும், பிறகு மனம் குற்றவுணர்வில் கிடக்கும். எங்கள் வீட்டில் இப்போது எந்தப் புது வேலைக்கும் முதலில் ஆள் யார் என்று பேசிவிடுகிறோம். உரக்குழி கணவருடையது. அவர் மறந்தால் அது மறக்கப்பட்டதாகவே இருக்கும், நான் போய்க் கிளறுவதில்லை.

அடுப்பு பற்றவைக்க சீனி வந்த பொலித்தீன் பேக்கைக் கொளுத்துவது இன்னொன்று. ஈர விறகு, விடியற்காலை அவசரம், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கறுப்புப் புகை பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளையின் மார்புக்குள்ளேதான் போகிறது. வெயில் நாளில் காய்ந்த பைன் காய்களை ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். இரண்டு போட்டாலே பிடித்துக்கொள்ளும். அடுத்த நாள் விறகை முதல் நாளே அடுப்போரம் அடுக்கினால் புகையும் குறையும், விறகும் குறையும்.

இரவில் அயன் பண்ணுவதையும் விடலாம். மாலை 6.30 முதல் 10.30 வரைதான் நாட்டில் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும். வெயில் மின்சாரம் அப்போது இல்லை. காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்மின் நீர்த்தேக்கங்கள் மட்டும் ஈடுகொடுக்க முடியாமல் எண்ணெயில் ஓடும் நிலையங்களையும் இயக்க வேண்டிவரும். ஞாயிறு பகலில் கிழமைக்கான உடுப்பை மொத்தமாக அயன் பண்ணினால் இரவில் பிள்ளைகளோடு உட்காரவும் நேரம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. மழைக்குத் தயாராக இருப்பதைக் காலநிலை வேலையாகவே நாம் எண்ணுவதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலையைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கு இதுதான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், 100 என்றால் தயாராகு, 150 என்றால் அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 என்றால் வெளியேறு. அளவு எட்டாவிட்டாலும் நிலத்தில் வெடிப்பு, மரமோ போஸ்டோ சாய்வது, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது கண்டால் காத்திருக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

எங்கள் மழைமானி கழுத்தை வெட்டிய, நேர்ப்பக்கமுள்ள ஒரு போத்தலும் அடிமட்டமும்தான். திறந்த வெளியில் வைத்திருக்கிறோம். மகன் பாடசாலைக்குப் போகுமுன் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு எண்ணைக் கத்திச் சொல்வான். மூன்று இலக்கம் (100 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ) வந்த அன்று யாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் பிரஷர் குளிசை, டோர்ச் எல்லாம் கதவுக்குப் பின்னால் ஒரே பையில் தொங்குகின்றன. பையைத் தூக்குவது மகள். அம்மாவின் கையைப் பிடிப்பது நான்.